பாயசம் கேட்டு வந்த எதிர்வீட்டு அக்கா

இதை எழுத வேண்டும் என்று பல வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன். எட்டாவதோடு நின்றவள், எழுத வருமா என்று ஒரு தயக்கம். தெருக்காரர்கள் படித்தால் மனம் வருந்துவார்களே என்று இன்னொரு தயக்கம். இன்றைக்கு அல்லாஹ்வின் பெயரைச் சொல்லி ஆரம்பித்துவிட்டேன்.

பன்றிக் காய்ச்சல் பரவிய வருஷம். நாங்கள் கிழக்குத் தாம்பரத்தில் இருந்தோம். மறைமலை நகரில் வேலை பார்த்த என் மகனுக்கு நோன்பு மாதத்தில் காய்ச்சல் வந்தது. பரிசோதனையில் அதுதான் என்று சொல்லிவிட்டார்கள். வாசலில் பிளீச்சிங் பவுடர் தூவினார்கள். அதிலிருந்து எங்கள் வீட்டைத் தாண்டும்போது எல்லோரும் வேகமாக நடந்தார்கள்.

அவன் முன் அறையில் தனியாக இருந்தான். நான் அடுப்படியிலிருந்தே போன் போடுவேன். "கஞ்சி வச்சிருக்கேன், கதவைத் திறந்து எடுத்துக்கப்பா." ஒரே வீட்டுக்குள் போனா என்று சிரிப்பான். பொய் சொல்லக் கூடாது, அந்தப் போன் இல்லையென்றால் எனக்குப் பைத்தியமே பிடித்திருக்கும்.

குணமாகிவிட்டது, வெளியே போகலாம் என்று டாக்டரே சொன்ன பிறகும் அவன் கேட்டைத் தாண்டவில்லை. "என்னைப் பார்த்தா ஒதுங்குறாங்கம்மா" என்றான். பெருநாள் தொழுகைக்கும் அவன் அத்தா தனியாகத்தான் போனார். இவன் போனைப் பார்த்தபடியே படுத்துக் கிடந்தான். வாழ்த்து மெசேஜ் வந்துகொண்டே இருந்தது. தட்டில் வைத்தது அப்படியே இருந்தது.

பெருநாளுக்குத் தெருவுக்கே பிரியாணி கொடுப்பது எங்கள் வழக்கம். அவன் கையால் கொடுத்தால் மனசு தேறும் என்று அன்றைக்கும் செய்தேன். தம் உடைக்கும் முன்பே போன். "புரட்டாசி மாசம் அக்கா, கறி எடுக்க மாட்டோம். சிரமப்படாதீங்க." அடுத்த போனும் புரட்டாசிதான். போன வருஷப் பெருநாளும் புரட்டாசியில்தான் வந்தது. அப்போது இரண்டாம் தடவை கேட்டு வாங்கியவர்கள் அவர்கள்.

"யாரும் வாங்க மாட்டாங்க, விடும்மா." சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். யா அல்லாஹ், என் பிள்ளையை எனக்குத் திருப்பிக் கொடு என்று கேட்டேன்.

கேட் சத்தம் கேட்டது. எதிர்வீட்டு அக்கா, கையில் தூக்கோடு. நிஜமாகவே புரட்டாசி விரதம் பிடிப்பவர் அவர் ஒருவர்தான்.

"இன்னாம்மா, பிரியாணிதான் எனக்கு ஆகாது. பாயசம் எங்க? தனியா எடுத்து வைப்பியே, மறந்துட்டியா?"

"அக்கா, எங்க வீட்ல..." என்று இழுத்தேன்.

"டாக்டர் சொல்லிட்டாருல்ல? அப்புறம் இன்னா பேஜாரு? எங்க அந்தத் தடியன்? பெருநாள் அதுவுமா படுத்துகினு கீறானா? டேய், நீயே ஊத்திக் கொண்டா!"

தயங்கித் தயங்கி வந்தான். அக்கா வாசலிலேயே உட்கார்ந்து, அவன் கொடுத்த தம்ளரை வாங்கி மொத்தத்தையும் குடித்தார். "சர்க்கரை கம்மிடா" என்றார். பிறகு அவன் கன்னத்தை இரண்டு கையாலும் வழித்து நெட்டி முறித்தார். காய்ச்சல் வந்த பிறகு அவனைத் தொட்ட முதல் வெளி மனுஷி அவர்தான்.

"மீதியைத் தூக்குல ஊத்து. எனக்கு முட்டி வலி, நீயே எடுத்துகினு வா."

அவன் சட்டையை மாட்டிக்கொண்டு, தூக்கோடு தெருவைக் கடந்து போனான். நான் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

இதை யாருக்காவது சொன்னால் கூட்டாமல் குறைக்காமல் அப்படியே சொல்லுங்கள். போன் செய்தவர்களைக் கெட்டவர்களாக்கிவிடாதீர்கள். அவர்கள் பயந்தவர்கள், அவ்வளவுதான். கொடுப்பது ஒன்றுதான் நன்மை என்று நினைத்திருந்த எனக்கு, வீடு தேடி வந்து கேட்டு வாங்கிக்கொள்வதும் நன்மைதான் என்று காட்டியவர் அந்த அக்கா. அதில் ஒரு வார்த்தையும் மாறிப்போகக் கூடாது என்றுதான் இத்தனை கேட்கிறேன்.