கல்லில் இருந்த பெயர்

எப்போதோ செத்துப் புதைந்த ஒரு மனிதன் என்னை ஏமாற்றினான் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? என் மனைவியே நம்பவில்லை. "அந்த மனுசன் உங்களை என்னப்பா செய்தவர்? நீங்களாப் போய் ஏமாந்தனீங்கள்" என்றாள். அவள் சொன்னது நியாயம்தான். ஆனால் நியாயம் வேறு, வயிற்றெரிச்சல் வேறு. இத்தனை வருஷம் கழித்தும் அந்தக் கல்லறையை நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ஏவன்டேலில் வாடகை வீட்டில் இருந்தோம். யாழ்ப்பாணத்தில் நில அளவையாளராக இருந்த நான் ஆக்லாந்தில் ஒரு பேக்கரியில் பாண் பொதி செய்துகொண்டிருந்தேன். வேலைக்குச் சேர்ந்த அன்று ஓவரால் ஒன்று தந்தார்கள். நெஞ்சுப் பக்கத்தில் நீல நூலால் பெயர் தைத்திருந்தது. என் பெயர் அல்ல, அப்பாவின் பெயர். நமக்கு ஏது குடும்பப் பெயர்? பாஸ்போர்ட்டில் என் பெயருக்குப் பின்னால் இருப்பது அப்பாவின் பெயர்தான் என்று அலுவலகப் பெண்ணுக்கு விளங்கப்படுத்தப் பார்த்தேன். அவள் சிரித்து, அழகான பெயர் என்று சொல்லி அனுப்பிவிட்டாள். அன்றிலிருந்து மேற்பார்வையாளர் என்னைத் திட்டும்போதெல்லாம் அப்பாவின் பெயரைச் சொல்லித்தான் திட்டினார். ஊருக்குக் கடிதத்தில் எழுதியபோது அப்பா விழுந்து விழுந்து சிரித்தாராம்.

அடுத்த வருஷம், இடம்பெயர்ந்து போன இடத்தில் அப்பா செத்துப்போனார். செய்தி எனக்கு வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. எங்கே எரித்தார்கள் என்றுகூட யாருக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. பேக்கரியில் மட்டும் அந்தப் பெயரை வழக்கம்போலக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

பொதி செய்யும் இயந்திரத்தில் என் எதிரே நின்றவன் பார்படோஸ் தீவுக்காரன். என் வயதுதான். லண்டனில் ஒரு நியூசிலாந்துத் தாதியைக் கல்யாணம் செய்து இங்கே வந்தவன். பேக்கரியில் அவன் ஒருவனே கறுப்பினத்தவன். என்னைப் பார்த்து ஃபிஜியா என்று கேட்கிறவர்கள் அவனைப் பார்த்து அமெரிக்காவா என்று கேட்பார்கள். அவனுடைய ஆங்கிலம் எனக்குப் பாதி விளங்காது, என்னுடையது அவனுக்குப் பாதி விளங்காது. அதனாலேயே நிறையப் பேசினோம்.

அவனுக்கு ஒரு பைத்தியம் இருந்தது. இந்த ஊருக்குக் கப்பல் வந்த காலத்திலேயே தன் ஆட்கள் ஒருவராவது வந்து இறங்கியிருப்பார்கள், அவர்களில் ஒருவனை நான் கண்டுபிடிப்பேன் என்பான். "கப்பலில் சமைத்தவன் யார்? பாய்மரம் ஏறியவன் யார்? எல்லாரும் திரும்பிப் போயிருப்பார்களா?" என்று கேட்பான். அகப்பட்டால் தன் மகளுக்குக் காட்ட வேண்டும். பள்ளிக்கூடத்தில் அவளை, நீ வந்த இடத்துக்குத் திரும்பிப் போ என்று சொல்லியிருக்கிறார்கள். எங்கள் ஆள் உங்கள் தாத்தாவுக்கு முன்னமே வந்தவன் என்று அவள் திருப்பிச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் அவன் ஆசை. எனக்கும் அந்த ஆசை தொற்றிக்கொண்டது.

சனிக்கிழமைகளில் இருவரும் ரயில் ஏறி நகரத்துக்குப் போய் நடக்க ஆரம்பித்தோம். துறைமுகத்தில் தொடங்கி குயீன் ஸ்ட்ரீட் வழியாக மேலேறுவோம். தெருப்பலகைகளை வாசிப்பது அவன் விளையாட்டு. "இந்த ஆளை எனக்குத் தெரியும், எங்கள் ஊரில் சிலையாக நிற்கிறான்" என்பான். "எங்களிடம் இவர் ஒரு ஆஸ்பத்திரி" என்பேன் நான். ஒரே மகாராணியை மூன்று நாட்டிலும் கல்லாகப் பார்த்தவர்கள் நாங்கள். பல்கலைக்கழகத்துக்குள் பழைய பட்டாளத்து மதில் ஒரு துண்டு மிஞ்சியிருந்தது. கரிய எரிமலைக்கல். மாணவர்கள் அதில் சாய்ந்து சிகரெட் குடித்தார்கள். இந்த மண்ணின் பூர்வகுடிகளில் யாருக்குப் பயந்து அந்த மதில் கட்டப்பட்டது, அவர்களுடைய நிலம் எப்படிக் கைமாறியது என்று அங்கே யாரும் எழுதி வைக்கவில்லை. கடற்கரைப் பக்கம் இறங்கினால் அக்கரையில் இளஞ்சிவப்பு நிறத்தில் சீனி ஆலை தெரியும். கரும்பு வெட்டவென்று அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் அவன் ஆட்கள்; அதைப் பார்க்கும்போதெல்லாம் அவன் முகத்தைத் திருப்பிக்கொள்வான்.

ஒரு சனிக்கிழமை, நகரத்துப் பாலம் ஒன்றுக்குக் கீழே பள்ளத்தில் கிடக்கும் பழைய இடுகாட்டுக்குள் இறங்கினோம். பாதியை மோட்டர்வே விழுங்கியிருந்தது. மிச்சத்தில் ஓக் மரங்களும் ஐவிக் கொடியும் உடைந்த பியர்ப் போத்தல்களும். கொடியை விலக்கிப் பார்த்த ஒரு கல்லில் "பார்படோஸ் தீவில் பிறந்தவர்" என்று இருந்தது. அதற்கு மேலே இருந்த பெயர் என் நண்பனின் ஓவராலில் நீல நூலால் தைத்திருந்த அதே பெயர். கீழ்ப்பகுதி உடைந்து மண்ணுக்குள் போயிருந்தது.

அவன் அப்படியே குந்திவிட்டான். பிறகு, "அவசரப்படாதே, இந்தப் பெயர் எங்கள் தீவில் எத்தனையோ பேருக்கு உண்டு" என்றான். நான்தான் விடவில்லை. பின்பெயர் என்றால் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: அப்பாவின் பெயர். அப்பாவின் அப்பா, அவருக்கு அப்பா என்று பின்னால் போனால் அந்தக் கல்லில் போய் நிற்கும் என்று கணக்குப் போட்டேன். "உன் ஊர், உன் பெயர். இதற்கு மேல் அவன் எழும்பி வந்து சொல்ல வேண்டுமா?" என்றேன். அவன் சிரித்தான். பிறகு சட்டைக் கையால் கல்லைத் துடைக்கத் தொடங்கினான்.

அதன்பிறகு அந்த ஆளை நாங்கள் தத்தெடுத்துக்கொண்டோம் என்றுதான் சொல்ல வேண்டும். கப்பல் சமையல்காரன் என்று முடிவு செய்தோம். கோபக்காரன், நன்றாகப் பாடுவான், இங்கே ஒருத்தியை விரும்பிக் கப்பலை விட்டவன். எல்லாம் எங்கள் கற்பனைதான். ஒரு சமையல்காரனுக்குக் கல்லறைக் கல் வைக்க வசதி எங்கிருந்து வந்திருக்கும் என்று நாங்கள் ஒருநாளும் யோசிக்கவில்லை. நண்பன் வாரம் தவறாமல் களை பிடுங்குவான். போகும்போது ரம் போத்தலின் மூடியில் ஒரு மூடி ஊற்றி மண்ணில் விடுவான். ஒருநாள் மகளையும் கூட்டிவந்து காட்டினான். அவள் அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனாள்.

அந்த மண்ணுக்குள் கிடந்தவன் எனக்கும் தேவைப்பட்டான். அப்பா செத்த பிறகு வந்த முதல் ஆடி அமாவாசைக்கு விரதம் இருந்து, வீட்டுக் கொல்லையில் படைத்தேன். இந்த ஊரில் காகம் இல்லை. எவ்வளவு கத்தினாலும் வராது. இரண்டு கடற்காகங்கள் வந்து இலையோடு இழுத்துக்கொண்டு போயின. அன்று அழுகை வந்தது. அடுத்த வருஷம் நண்பன் சொன்னான்: "இவனுக்கும் யாருமில்லை. இங்கே வந்து கொடு. இவன் உன் அப்பாவிடம் சேர்ப்பான்." எனக்கு அது சரியாகப் பட்டது. லீவு போட்டு, மனைவி சமைத்ததைக் கட்டிக்கொண்டு போய்க் கல்லுக்கு முன்னால் படைத்தேன். "வீட்டுக்குள்ள அப்படியே வராதேங்கோ. வெளிப் பைப்பில குளிச்சிட்டு வாங்கோ" என்றாள் மனைவி, திரும்பி வந்தபோது. ஆக்லாந்துக் குளிரில், வாயில் பல் கிட்டிக்க, பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர் வேலிக்கு மேலால் பார்க்கப் பார்க்கக் குளித்தேன். அதற்கும் நான் வருத்தப்படவில்லை.

அதற்கடுத்த வருஷம் அமாவாசை சனிக்கிழமையில் விழுந்தது. நண்பனும் வந்தான். ஊரில் அன்றைக்குக் கட்டாயம் சமைக்கும் காத்தோட்டிக்காய்க்குப் பதில் ஏவன்டேல் சந்தையில் வாங்கிய பாவற்காய், வாழைக்காய், பருப்பு, பாயாசம். இலை விரித்துப் பரிமாறி, கண்ணை மூடி அப்பாவை நினைத்துக்கொண்டிருந்தேன். பின்னால் செருமும் சத்தம் கேட்டது.

வயதான வெள்ளைக்கார அம்மா ஒருவர். கையில் ரோஜாச் செடி வெட்டும் கத்தரிக்கோலும் ஒரு கொத்துப் பூவும். நாங்கள் மாநகரசபைத் தோட்டக்காரர்கள் என்று நினைத்திருக்கிறார். "இவ்வளவு சுத்தமாக வைத்திருக்கிறீர்களே, மிகவும் நன்றி. இவர் என் கொள்ளுத்தாத்தா" என்றார்.

நான் அவரைப் பார்த்தேன். கல்லைப் பார்த்தேன். நண்பனைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

கதை சொல்ல ஆள் கிடைத்த சந்தோஷத்தில் அந்த அம்மா சொல்லிக்கொண்டே போனார். அந்தத் தீவில் குடும்பத்துக்குக் கரும்புத் தோட்டம் இருந்ததாம். அடிமைகளை விடுதலை செய்தபோது அரசாங்கம் நட்டஈடு கொடுத்ததாம். அதில் தனக்குக் கிடைத்த பங்கோடு கொள்ளுத்தாத்தா இங்கே வந்து நிலம் வாங்கினாராம்.

"யாருக்கு நட்டஈடு?" என்று கேட்டான் நண்பன். மெதுவாகத்தான் கேட்டான்.

"எங்களுக்குத்தான். அவ்வளவு பேரையும் ஒரேயடியாக இழந்தோமே" என்றார்.

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. நண்பனைக் காட்டி, "இவருடைய பெயரும் இதுதான்" என்றேன். அந்த அம்மா வெட்கப்படுவார், குறைந்தது வாயடைத்துப் போவார் என்று நினைத்தேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அப்படியானால் உங்கள் ஆட்கள் எங்களிடம் இருந்தவர்களாக இருக்க வேண்டும். எங்கள் பெயரைத்தானே அவர்களுக்கும் வைப்பார்கள். என்ன அருமையான சந்திப்பு" என்று சொல்லி, அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். நல்ல மனுஷி. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. பூவை என் இலைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

நம்ப வைத்துக் கழுத்தை அறுத்தவன் மண்ணுக்குள் சுகமாகப் படுத்திருந்தான். என் அப்பாவுக்குப் போக வேண்டிய சோற்றை, சவுக்குப் பிடித்த கைக்குக் கொடுத்திருக்கிறேன். என் நண்பன் மண்டியிட்டுக் களை பிடுங்கியிருக்கிறான், ரம் ஊற்றியிருக்கிறான். அவன் மகள் அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்திருக்கிறாள். அந்த இடத்தில் ஒரு சம்மட்டி கிடைத்திருந்தால் மிச்சக் கல்லையும் உடைத்திருப்பேன். நண்பனோ ஒரு சொல் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"எடு" என்றான், இலையைக் காட்டி.

"படைத்ததை எடுக்கக் கூடாது."

"நீ படைத்தது உன் அப்பாவுக்கு. இவனிடம் ஏன் விட்டுவிட்டுப் போகிறாய்?"

இலையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, சனிக்கிழமைக் கூட்டத்துக்குள் குயீன் ஸ்ட்ரீட் நெடுக நடந்தேன். கடைக்கு வந்தவர்கள் விலகி வழிவிட்டார்கள். எங்கள் ஊரில் அன்றைக்குக் கடலுக்குத்தான் போவார்கள். கீரிமலையில் தலை நனைக்க இடம் இருக்காது. எனக்கு அது அப்போதுதான் ஞாபகம் வந்தது. துறைமுகத்தில் இலையை வைத்துவிட்டு அப்பாவைக் கூப்பிட வாய் திறப்பதற்குள் கடற்காகங்கள் இறங்கிவிட்டன. இந்த முறை எனக்கு அவற்றோடு கோபம் இல்லை. நண்பன் ரம் போத்தலைச் சட்டைப்பையிலிருந்து எடுத்தான். கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்துவிட்டுத் திரும்பவும் உள்ளே வைத்துக்கொண்டான்.

"மகளுக்கு என்ன சொல்வாய்?" என்று கேட்டேன்.

"அவள் அந்தப் படத்தைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறாள்" என்றான்.

அதோடு எங்கள் சனிக்கிழமை நடை நின்றுபோனது. நான் கேட்கவில்லை, அவனும் கூப்பிடவில்லை.

திங்கட்கிழமை வேலைக்குப் போனபோது அவன் எனக்கு முன்னமே வந்து இயந்திரத்துக்கு எதிரே நின்றிருந்தான். அவன் ஓவராலில் நெஞ்சுப் பக்கம் வெறுமையாக இருந்தது. நூலைப் பிளேடால் ஒவ்வொன்றாக அறுத்து எடுத்திருக்கிறான். துணியில் ஊசித் துளைகள் வரிசையாகத் தெரிந்தன. உற்றுப் பார்த்தால் இன்னும் வாசிக்கலாம். மேற்பார்வையாளர் வந்து, "உன் பெயர் எங்கே?" என்று கேட்டார்.

"அது என்னுடையது இல்லை. உரியவர்களிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன்" என்றான்.

மேற்பார்வையாளருக்கு ஒன்றும் விளங்கவில்லை. என் பக்கம் திரும்பி, அப்பாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, பாண் தட்டை நகர்த்தச் சொன்னார். நான் ஓம் என்று சொல்லி நகர்த்தினேன். அன்று முழுவதும் அந்தப் பெயரை நெஞ்சில் போட்டுக்கொண்டு அவன் முன்னால் நிற்க எனக்குக் கூச்சமாக இருந்தது.