அரியலூர் டாக்டரம்மாவின் கிளட்ச் இல்லாத கார்

கியர்பாக்ஸ் தொழிலில் கழற்றுவதற்கு ஒரு காலைப்பொழுது போதும், திரும்ப மாட்டுவதில்தான் ஆயுள் கழியும்.

பெரம்பலூரில் மெட்ராஸ் ரோட்டு ஓரமாக எனக்கு ஒரு பட்டறை இருந்தது. எழுபதுகளின் கடைசியிலிருந்து அந்த வட்டாரத்தில் கியர் விழாத லாரி, பஸ், டிராக்டர் எல்லாம் என் வாசலில்தான் வந்து நிற்கும். ரேடியோவையோ மிக்ஸியையோ பிரித்துப் போட்டுவிட்டு, மனைவி வருவதற்குள் மூட முடியாமல் வியர்த்தவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். நான் சொல்லப்போவது உங்களுக்குப் புரியும். அந்த அனுபவம் இல்லாதவர்கள் பாக்கியசாலிகள். அவர்களும் படிக்கலாம், தடையில்லை.

சாக்கில் வந்த கியர்பாக்ஸ்

குன்னத்தில் பருத்தி லோடு அடிக்கும் லாரி வைத்திருந்தார் தங்கராசு. பட்டறையில் விட்டால் நல்ல சாமானைக் கழற்றிக்கொண்டு தேய்ந்ததை மாட்டிவிடுவார்கள் என்பது அவருடைய அசைக்க முடியாத நம்பிக்கை. அதனால் கியர்பாக்ஸைத் தானே பிரித்துவிட்டார். பிரித்த பிறகு அவருக்கு என் மேல் திடீரென்று நம்பிக்கை பிறந்து, எல்லாவற்றையும் ஒரு சாக்கில் அள்ளிப் போட்டு, பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினார்.

சாக்கைக் கொட்டினால் பல்சக்கரம், பேரிங், வேப்பங்கொட்டை, ஒரு எவர்சில்வர் ஸ்பூன். பொறுக்கிக் கழுவி ஒவ்வொன்றாகக் கோத்தேன். கடைசியில் ஒரே ஒரு பித்தளை வளையம் மட்டும் மிச்சம். எந்தத் தண்டிலும் ஏறவில்லை. மறுபடி பிரித்தேன், மறுபடி கோத்தேன், மறுபடியும் அது வெளியேதான் கிடந்தது. தங்கராசு பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தார். பொறுக்க முடியாமல் அவரிடமே கேட்டேன், இது எங்கேயிருந்து கழன்றது என்று. வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது எங்க வூட்டு கிரைண்டரோடதுங்க. அதையும் நாந்தான் பிரிச்சேன்."

கிளட்ச் மிதியைத் தேடியது

இப்படி ஊரில் பேர் வாங்கியிருந்த சமயத்தில்தான் அரியலூரிலிருந்து டாக்டர் கமலவேணி ஆள் அனுப்பினார். பிரசவ ஆஸ்பத்திரி வைத்திருந்தவர். சிறு வயதில் வந்த இளம்பிள்ளை வாதத்தால் அவருக்கு இடது கால் சரியாக ஊன்றாது, கைத்தடி வைத்துத்தான் நடப்பார். குவைத்திலிருந்து திரும்பிய அவருடைய அண்ணன் தங்கைக்கென்று ஒரு காரைக் கப்பலில் கொண்டு வந்திருந்தார். சிவப்பு நிறம், இரண்டே கதவு, தரையோடு படுத்த மாதிரி உயரம். ஸ்டியரிங் இடது பக்கம். எட்டு சிலிண்டர் எஞ்சின். பறப்பதற்கென்றே செய்த வண்டி, அரியலூரில் சுண்ணாம்புக்கல் லாரிகளுக்குப் பின்னால் வெள்ளைத் தூசியைக் குடித்துக்கொண்டு ஊர்ந்துகொண்டிருந்தது. இப்போது அதுவும் இல்லை. எஞ்சின் உறுமுகிறது, வண்டி நகர மறுக்கிறது.

எந்த கியர்பாக்ஸாக இருந்தாலும் எனக்கு ஒன்றுதான் என்று சொல்லிக்கொண்டே டிரைவர் சீட்டில் உட்கார்ந்தேன். இடது கால் தன்பாட்டுக்கு கிளட்ச் மிதியைத் தேடியது. தரைதான் தட்டுப்பட்டது. கார்ப்பெட்டைத் தூக்கிப் பார்த்தேன். குனிந்து, சீட்டுக்கு அடியில்கூடப் பார்த்தேன். டாக்டரம்மா தடியை ஊன்றிக்கொண்டு வெளியே நின்று, நான் தேடி முடிக்கிறவரை காத்திருந்தார்.

"கிளட்ச் இருந்தா இந்தக் கார் எனக்கு எதுக்கு, சவரிமுத்து? அது இல்லாததாலதான் என்னால ஓட்ட முடியுது."

மெட்ராஸில் கேட்டது

தானாக கியர் மாறும் வண்டியை நான் அதுவரை பார்த்ததுகூடக் கிடையாது. அதை ஒப்புக்கொண்டு, மெட்ராஸில் வெளிநாட்டுக் கார் பார்க்கிற நிபுணர்கள் இருக்கிறார்கள், அங்கே அனுப்பிவிடுங்கள் என்றேன். ஆனால் அதுவரை கார் இல்லாமல் சமாளிக்க டாக்டரம்மாவுக்கு மற்ற வழி எதுவும் ஒத்துவரவில்லை. முன்பு டிரைவர் வைத்துப் பார்த்திருக்கிறார். பிரசவ வலி எடுக்கிற நேரத்துக்கும் அந்த டிரைவர் கண்ணில் படுகிற நேரத்துக்கும் பொருத்தமே இல்லை. கிராமங்களிலிருந்து ஆள் வந்து நின்றால் தானே வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிப் பழகியவர்.

இருந்தாலும் மெட்ராஸ் நிபுணருக்கு ஒரு டிரங்க் கால் போட்டுப் பார்த்தார். நிபுணர் நிதானமாகப் பேசினார். வண்டியை லாரியில் ஏற்றி அனுப்ப வேண்டும், சாமான் கடல் தாண்டி வர வேண்டும், பொங்கல் கழித்து ஒரு போன் போட்டு விசாரிக்க வேண்டும். அப்போது ஆடி மாசம். டாக்டரம்மா, "அப்ப இங்க இருக்கற புள்ளத்தாச்சிங்களையும் பொங்கல் வரைக்கும் பொறுத்துக்கச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு ரிசீவரை வைத்தார். பிறகு என்னைப் பார்த்து, நாமே பிரித்துவிடலாம் என்றார். நாம் என்றால் யார் யார் என்று கேட்டேன்.

"பிரிக்கிறது நீங்க. மூடித் தைக்கிறது நான்."

சிவப்பு எண்ணெய்

ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருந்த ஷெட்டில் வேலை ஆரம்பித்தது. காரோடு வந்த ஆங்கிலப் புத்தகத்தை டாக்டரம்மா படித்துச் சொல்ல, நான் கழற்றினேன். கழற்றியதை எல்லாம் வெந்நீரில் போட்டெடுத்த வெள்ளைத் துணி விரித்த டிரேக்களில் அவரே வரிசையாக அடுக்கினார். ஆபரேஷனுக்குப் போடுகிற பச்சை அங்கி, கையில் ரப்பர் உறை. என் தொழிலில் இவ்வளவு சுத்தத்தை நான் கண்டதில்லை.

லாரி கியர்பாக்ஸில் எண்ணெய் கருப்பாக இருக்கும். இந்த வண்டிக்கு ஊற்றுகிற எண்ணெயோ ரத்தச் சிவப்பு. அடித்தட்டைக் கழற்றியதும் கொட்டி, தரையெல்லாம் ஓடி, எங்கள் இரண்டு பேர் கையிலும் முழங்கை வரை வழிந்தது. அந்த நேரம் பார்த்து, மருமகளை அழைத்துக்கொண்டு செட்டிகுளத்திலிருந்து வந்திருந்த ஒரு அம்மா டாக்டரைத் தேடிப் பின்பக்கம் வந்துவிட்டார். ஒரு வெள்ளைத் துணி, அதன் மேல் என்னென்னவோ உறுப்புகள், சிவப்புக் கையோடு டாக்டர், பக்கத்தில் ஸ்பானரோடு நான். அந்த அம்மா ஒரு அடி பின்வாங்கினார். டாக்டரம்மா, "உள்ள உக்காருங்க, கை கழுவிட்டு வந்துடறேன்" என்றார்.

"வேணாங்க டாக்டர். நாங்க மாத்திரையே சாப்பிட்டுக்கிறோம்."

ஆயாவின் கோழி

கியர்பாக்ஸின் வயிற்றில் ஒரு உலோகத் தட்டு இருந்தது. கறையான் புற்றைக் குறுக்கே வெட்டின மாதிரி அதற்குள் வளைந்து வளைந்து வழிகள். அதை இரண்டாகப் பிளந்தபோது உள்ளேயிருந்து குட்டிக் குட்டி இரும்புக் குண்டுகள் தெறித்து ஷெட் முழுக்க உருண்டன. அவை உள்ளே இருப்பதைப் புத்தகம் அடுத்த பக்கத்தில்தான் சொல்லியிருந்தது. முட்டி போட்டுத் தேடி எடுத்ததில் ஒன்று மட்டும் கிடைக்கவில்லை. மூலையில் ஆஸ்பத்திரி ஆயா ராஜாமணியின் கோழி மேய்ந்துகொண்டிருந்தது. டாக்டரம்மா அதையே பார்த்தார். நானும் பார்த்தேன்.

கோழியை எக்ஸ்ரே ரூமுக்குக் கொண்டு போனார்கள். படத்தில் குண்டு, கோழியின் இரைப்பையில், பௌர்ணமி நிலா மாதிரித் தெளிவாக இருந்தது. அறுத்து எடுத்துத் தைத்துவிடலாம், கோழிக்கு ஒன்றும் ஆகாது என்று டாக்டரம்மா சொன்னது விளையாட்டுக்கா நிஜமாகவா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ராஜாமணி கோழியை மாரோடு அணைத்துக்கொண்டு கதவருகில் நின்றார். நான் மிச்சமிருந்த குண்டுகளில் ஒன்றை எடுத்துக்கொண்டு தெருமுனை சைக்கிள் கடைக்கு ஓடினேன். கடைக்கார மஸ்தான் பாய் பின்சக்கரத்துப் பால்ரஸ் ஒன்றை எடுத்து வைத்தார். அச்சாக அதே அளவு. நான் மூச்சு வாங்கத் திரும்பி வந்து காட்டிய பிறகுதான் ராஜாமணி வாயைத் திறந்தார்.

"கோழி என்னிக்காவது அதப் போட்டுச்சுன்னா நானே அலம்பிக் கொண்டாந்து தரேன். இப்ப கத்திய உள்ள வைங்கம்மா."

பின்பக்கமாகப் போன பயணம்

வண்டி நகராததற்குக் காரணம், உள்ளே ஒன்றையொன்று பிடித்துச் சுழல்கிற வட்டத் தட்டுகள் தேய்ந்திருந்ததுதான். அவற்றுக்குத் திருச்சியில் மோட்டார் சைக்கிள் கிளட்சுக்கு கார்க் ஒட்டுகிற ஒருவரிடம் ஒட்டி வாங்கினேன். ரப்பர் வளையங்களும் அங்கேயே கிடைத்தன. அதில் ஒன்றுக்கு ஒரு பக்கம் மட்டும் உதடு மாதிரி விளிம்பு. அந்த விளிம்பு உள்பக்கம் பார்த்து இருக்க வேண்டும் என்று டாக்டரம்மா படித்தார். எதற்கு உள்பக்கம் என்று நான் கேட்டேன். புத்தகம் அதற்குமேல் பேசவில்லை. நாங்களே ஒரு பக்கத்தை உள்பக்கம் என்று முடிவு செய்து மாட்டி, மூடி, எஞ்சினைக் கிளப்பினோம். முன்னால் போகிற இடத்தில் லீவரைத் தள்ளினால் உறுமல் மட்டும்தான். ரிவர்ஸில் தள்ளினால் வெண்ணெயாக வழுக்கிக்கொண்டு பின்னால் போனது.

அதே சமயம் ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒருவர் சைக்கிளில் வந்து சேர்ந்தார். மனைவிக்கு வலி எடுத்து நீர்க்குடமும் உடைந்துவிட்டது, பிள்ளை திரும்பவில்லை, மருத்துவச்சி கைவிட்டுவிட்டாள், மாட்டு வண்டியில் ஏற்ற பயமாக இருக்கிறது என்றார். லாரி ஏதாவது பிடித்து வருகிறேன் என்றேன். எவ்வளவு நேரமாகும் என்று டாக்டரம்மா கேட்டார். நான் ரோட்டை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்புவதற்குள் அவர் காரில் ஏறிவிட்டார். பையோடு ராஜாமணி பக்கத்தில். சைக்கிள்காரர் வீட்டு அடையாளம் சொல்லிவிட்டுக் குறுக்கு வழியில் முன்னாலேயே மிதித்துப் போயிருந்தார். நான் பின்சீட்டில் முட்டி போட்டு, பின்கண்ணாடி வழியாக ரோட்டைப் பார்த்து, இடது, வலது, மாடு, பள்ளம் என்று சொல்லிக்கொண்டே வந்தேன். எதிரில் வந்த சுண்ணாம்பு லாரிகள் ஓரம் ஒதுங்கி நின்றுவிட்டன. ஊர் போய்ச் சேருகிற வரைக்கும் டாக்டரம்மா வேகத்தைக் குறைக்கவே இல்லை.

அந்த வீட்டு வாசலில் நானும் சைக்கிள்காரரும் கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம். அப்படி ஒரு காத்திருப்பை உங்களில் சிலர் ஆஸ்பத்திரி வராந்தாவில் அனுபவித்திருப்பீர்கள். கடைசியில் உள்ளேயிருந்து குழந்தை வீறிட்டது. தாயும் பிள்ளையும் நலம், பெண் குழந்தை என்று ராஜாமணி வந்து சொன்னார். சைக்கிள்காரர் முகத்தைத் துண்டால் அழுத்தித் துடைத்துக்கொண்டு, அரியலூர்ப் பக்கம் மூக்கை நீட்டி நின்ற காரை அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார்.

"டாக்டரம்மா எவ்வளவு வெவரம் பாத்தீங்களா. திரும்பிப் போறதுக்குத் தோதா, அங்கேருந்தே வண்டியத் திருப்பி வச்சுக்கிட்டு வந்திருக்காங்க."

இரண்டாம் முறை

திரும்பவும் ரிவர்ஸில் வர நான் மறுத்துவிட்டதால், சைக்கிள்காரருடைய மாடுகளைத்தான் கேட்க வேண்டியிருந்தது. எட்டு சிலிண்டர் காரை ஒரு ஜோடி மாடு இழுத்துக்கொண்டு வந்ததை அரியலூர் கடைத்தெரு முழுக்க வெளியே வந்து பார்த்தது. டாக்டரம்மா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, தெரிந்தவர்களுக்கு எல்லாம் கும்பிடு போட்டுக்கொண்டு வந்தார். நான் பின்சீட்டில் படுத்துக்கொண்டேன்.

மறுபடி பிரித்தோம். விளிம்பு வளையம் தலைகீழாகத்தான் இருந்தது. புத்தகம் சரியாகத்தான் சொல்லியிருக்கிறது என்றார் அவர். படித்தவர் விளக்கமாகப் படித்திருக்கலாம் என்றேன் நான். மாட்டியது யார் கை என்றார். அன்று முழுக்க ஸ்பானர், டிரே, துணி என்பதைத் தவிர எங்களுக்குள் பேச்சில்லை. ஆனால் மூடிக் கிளப்பியபோது வண்டி முன்னால் நகர்ந்தது. செந்துறை ரோட்டில் அவர் அதை விரட்டிய விரட்டில் நான் கண்ணை மூடிக்கொண்டு வரதராஜன்பேட்டை மாதாவுக்கு மெழுகுவர்த்தி நேர்ந்துகொண்டேன். திறந்து பார்த்தபோது அவர் சிரித்துக்கொண்டிருந்தார். கியர் மாறும்போது முதுகில் யாரோ ஓங்கித் தட்டினாற்போல ஒரு குலுக்கல் மட்டும் மிச்சம் இருந்தது. அது கடைசிவரை போகவில்லை.

கொஞ்ச நாள் கழித்து, அவரோடு கூடப் படித்த திருச்சி டாக்டர் ஒருவர் வந்திருந்தார். நானும் அந்தக் காரில் இருந்தேன். முதல் குலுக்கலிலேயே அவருக்கு மூக்குக்கண்ணாடி நழுவி மடியில் விழுந்தது. வண்டியை எந்த ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துச் செய்தாய் என்று கேட்டார்.

"எங்க ஆஸ்பத்திரியிலதான். சுகப்பிரசவம்னு சொல்ல முடியாது, ஆயுதம் போட்டுத்தான் எடுத்தோம்."

கியர்பாக்ஸை நாமே பிரிக்கலாமா, தொழில் தெரிந்தவரிடம் கொடுக்கலாமா என்று யாராவது என்னைக் கேட்டால், யார் பிரித்தாலும் சரி, தப்பைத் தூக்கிப் போட பக்கத்தில் இன்னொருவர் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்கிறேன்.