போட்டுக்கு ஒரு பங்கு

பன்னிரண்டு மாம்பழத்தை மூன்று பிள்ளைகளுக்குச் சமமாகப் பிரித்தால் ஆளுக்கு எத்தனை? டியூஷன் அக்கா கேட்டதும் நான் யோசிக்கவே இல்லை. "மூணு" என்றேன்.

"நாலுல்லா வரணும்? மிச்ச மூணு எங்கட்டி போச்சு?"

"போட்டுக்கு ஒரு பங்கு வேணாவா?"

மற்ற பிள்ளைகள் சிரித்த சிரிப்பில் கடைக்கு எண்ணெய் வாங்க வந்தவர்கள் கூட எட்டிப் பார்த்தார்கள். அக்காவின் அப்பா தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து காத்திவாக்கத்தில் மளிகைக்கடை வைத்திருந்தார். கடைக்குப் பின்னால் மூட்டைகளுக்கு நடுவே எங்கள் டியூஷன். "மாம்பழம் பறிக்க எதுக்குட்டி போட்டு?" என்று அக்காவும் சிரித்தாள். நான் விடவில்லை. எங்கள் குப்பத்தில் கரைக்கு வந்த மீனை ஆளுக்கொரு குவியலாகப் போட்டு, கடைசியில் படகுக்கும், அதான் போட்டுக்கும், ஒரு குவியல் போடுவார்கள். அதற்கு வாய் இல்லை, வயிறு இல்லை, ஆனாலும் பங்கு உண்டு. அதை விட்டுவிட்டுப் பிரித்தால் அது என்ன பிரிப்பு?

அக்கா கடையிலிருந்து ஒரு கை கொண்டைக்கடலையை அள்ளி வந்து சாக்கின் மேல் கொட்டினாள். "செரி, இதுதான் ஒங்க ஊரு மீனு. மீதி விழாம எத்தன குவியலா போடலாம்னு பாரு. அந்த எண்ணிக்கைதாம்ட்டி காரணி. அதுல ஒரு குவியல எடுத்தா, அது பின்னம்." பள்ளிக்கூடத்தில் ஒரு வருஷமாக ஏறாதது அன்று சாயங்காலமே ஏறியது. அதற்குப் பிறகு என்னைப் பிடிக்க முடியவில்லை. வடையைப் பிய்த்தால் மூன்றில் ஒன்று, தண்ணீர் லாரிக்குக் குடம் வைத்தால் எட்டில் இரண்டு என்று தெருவையே பின்னமாக்கிக்கொண்டு திரிந்தேன். "இன்னா பாப்பா, மூளை ஓவரா வேலை செய்து!" என்பார் சித்தப்பா.

போட்டு எங்களுடையது. அப்பா காய்ச்சலில் போன பிறகு சித்தப்பாதான் அதை ஓட்டினார். அவரோடு சேர்த்து ஐந்து பேர் போவார்கள். ஐந்து ஆள், ஒரு போட்டு, ஆறு பங்கு. போட்டுப் பங்கு எங்கள் வீட்டுக்கு வரும். அம்மா கருமாதியன்றே சித்தப்பாவிடம் சொல்லியிருந்தாள்: "போட்டு பங்கு மட்டும் குடு. உனக்கும் புள்ளைங்க கீது. உன் பங்குல ஒரு மீனு எடுத்து இதுல போட்டன்னு தெரிஞ்சுது, அப்பறம் இந்த வாசப்படி ஏறாத." அம்மா சொன்னால் சொன்னதுதான். இறால் உரித்து உரித்து விரலெல்லாம் வெந்து கிடந்தாலும் அடுத்த வீட்டில் ஒரு கரண்டி சர்க்கரை கேட்டு நின்றதில்லை.

ஒரு நாள் மத்தியானம் சித்தப்பா பையோடு வந்தார். "பேஜாரா பூட்ச்சு அண்ணி. வலைய இழுத்தா மொத்தமே இருபத்திநாலு நண்டு. இந்தா, போட்டு பங்கு."

நான் பையைக் கவிழ்த்து எண்ணினேன். ஆறு.

"சித்தப்பா, இருபத்திநாலுல ஆறுல ஒண்ணு நாலுதான? இதுல ஆறு கீதே! யாரு பங்குலர்ந்து ரெண்டு வந்துச்சி?"

எனக்குப் பாராட்டு வரும் என்று நின்றேன். சித்தப்பா அம்மாவைப் பார்க்கவில்லை, வாசப்படியைப் பார்த்தார். அம்மா நண்டுகளைப் பார்த்தாள். பிறகு சித்தப்பாவின் முகத்தைப் பார்த்தாள்.

"இன்னைக்கி மூணு பேருதான போனீங்க?" என்றாள்.

"ஆங்... ஆமா அண்ணி. அவனுங்க ரெண்டு பேரும் வர்ல."

"கேட்டியாடி? மூணு ஆளு, ஒரு போட்டு. இப்ப போடு."

போட்டேன். நாலு பங்கு, ஆளுக்கு ஆறு. மீதியில்லாமல், அக்காவின் கொண்டைக்கடலை மாதிரியே அழகாக வந்தது. எனக்கு வெட்கமாகிவிட்டது. "கணக்கு போடுறதுக்கு முன்ன விசாரிக்கணும்டி" என்று அம்மா நண்டை அள்ளிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். சித்தப்பா என் தலையில் கை வைத்துவிட்டு, செருப்பைக் கூட மறந்து கிளம்பினார்.

குழம்பு கொதித்ததும் அம்மா தூக்குவாளியில் ஊற்றி, செருப்பையும் கொடுத்து என்னை அனுப்பினாள். "சித்தப்பா வூட்ல குடுத்துட்டு வா. வெறுங் கொழம்புதான்னு சொல்லு." வெறுங் குழம்பு என்ன இந்தக் கனம் என்று வழியில் மூடியைத் திறந்தேன். உள்ளே இரண்டு நண்டு.

சித்தப்பா வீட்டு வாசலில், கடலுக்கே போகாத அந்த இரண்டு பேரும் வலையில் சிக்கெடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் கட்டைவிரலில் துணி சுற்றியிருந்தார்.

"இன்னாண்ணா கையில?"

"காத்தால வலைய இழுக்க சொல்லோ நண்டு கவ்விக்கிச்சி பாப்பா."

வீட்டில் உட்கார்ந்திருந்தவரை நண்டு எப்படிக் கவ்வும் என்று நான் கேட்பதற்குள் சித்தப்பா ஓடிவந்து வாளியை வாங்கிக்கொண்டார். மூடியைத் திறந்து பார்த்தவர் வெகுநேரம் மூடவில்லை.

வீட்டுக்கு வந்து தட்டின் முன் உட்கார்ந்தேன். எங்கள் சட்டியில் நாலு நண்டு கிடந்தது. கணக்குப்படி ஆறு வரவேண்டியது, இரண்டு அநியாயமாகக் குறைகிறது என்று அம்மாவிடம் சண்டை போட்டேன். என் தட்டில் பெரிய நண்டாகப் பார்த்து வைத்துவிட்டு, "சாப்டுடி, கணக்குப்புலி" என்றாள் அம்மா. அவள் ஏன் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள் என்று நான் கேட்கவில்லை. குழம்பில் காரம் அதிகம் என்று நினைத்துக்கொண்டேன்.