திருவாதிரைக்குப் பக்கத்தில் ஒரு மேகம்

1991இல் சிங்கப்பெருமாள் கோவிலில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜைதான் என் ஆய்வுக்கூடம். கணவர் மறைமலை நகருக்கு ஷிப்டுக்குப் போனதும் தட்டுகளை ஒதுக்கிவிட்டு வரைபடங்களை விரிப்பேன். வெளிநாட்டில் ஒரு விண்வெளித் தொலைநோக்கியைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். வெப்பத்தைப் பார்க்கும் அகச்சிவப்புக் கருவி அதில் இருந்தது. மேலே போனதும் அது எதை, எப்போது, எவ்வளவு நேரம் பார்க்க வேண்டும் என்று முன்கூட்டியே திட்டம் எழுதுவது என் வேலை. எங்கள் குழுவுக்குக் கிடைத்தது கொஞ்ச நேரம்தான்.

எனக்கு வேண்டியது திருவாதிரை நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் தெரியும் ஒரு தூசி மேகம். அதற்குள் நட்சத்திரங்கள் பிறந்துகொண்டிருக்கின்றன என்று நம்பி, பல வருடம் அதையே கட்டிக்கொண்டு அழுதவள் நான். ஆனால் அந்தக் கருவி கடுங்குளிரில்தான் வேலை செய்யும். குளிருக்காகத் தொட்டியில் நிரப்பும் திரவ ஹீலியம் தினமும் ஆவியாகிக்கொண்டே இருக்கும். தீர்ந்தால் கருவி குருடு. சூரியன் பக்கமோ பூமியின் பக்கமோ அது திரும்பவும் கூடாது. எப்படிக் கணக்குப் போட்டாலும், என் மேகம் பார்வைக்கு வரும் முன்பே ஹீலியம் தீர்ந்துவிடும் என்றே வந்தது. அதை எடுத்துவிட்டு வேறு எதையாவது போடு என்றார் என் பேராசிரியர். எனக்கு ஆத்திரமாக வந்தது.

அன்று மாமியார் வழக்கம்போல, கேஸ் தீர்ந்துவிட்டது, புக் பண்ணிவிட்டு வா என்று மகனை விரட்டினார். என் கணவர் தெருமுனை திரும்பியதும் மாமியார் அதே அடுப்பில் எனக்குக் காபி போட்டார். இருந்த எரிச்சலில், ஏன் அத்தை இப்படிப் புளுகுகிறீர்கள் என்று கேட்டுவிட்டேன்.

“நெசமா தீந்தப்புறம் சொன்னா சோத்துக்கு இன்னா பண்றது? கொஞ்சம் கையில வச்சுகினுதான்மா சொல்லணும்.”

காபியோடு மேஜைக்குத் திரும்பினேன். அந்தத் தொட்டியைச் செய்தவர்களும் நாலு பேருக்கு வாக்குக் கொடுத்தவர்கள்தானே, கடைசிச் சொட்டுவரை கணக்குக் காட்டியிருப்பார்களா? இது விஞ்ஞானம் இல்லை என்று எனக்கே தெரியும். ஆனாலும் நிச்சயமாகப் பார்க்கக் கிடைக்கும் ஒரு நட்சத்திரத்தை வெட்டிவிட்டு, அதன் நேரத்தை மேகத்துக்குக் கொடுத்து எழுதினேன். பேராசிரியர் தலையில் அடித்துக்கொண்டார், ஆனால் தடுக்கவில்லை. என் ஊகம் பொய்த்தால் இரண்டும் போச்சு.

தொலைநோக்கி கிளம்பவே வருடங்கள் ஆயின. அதற்குள் எங்கள் வீட்டுக்குத் தொலைபேசி வந்தது, மாமியாருக்கு முழங்கால் வலி வந்தது. சொன்ன கெடு முடிந்த பிறகும் மேலே ஹீலியம் இருந்தது. ஒரு காலையில் பேராசிரியர் கூப்பிட்டு, உன் மேகத்தைப் பார்த்தாயிற்று, உள்ளே நட்சத்திரங்கள் இருக்கின்றன என்றார். ரிசீவரைக் கையில் வைத்துக்கொண்டே அழுதேன். அவ்வளவு சந்தோஷம்.

கொஞ்ச நாளில் ஹீலியம் தீர்ந்த செய்தியும் வந்தது. முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த மாமியாரிடம் சொன்னேன். அவர் கை நிற்கவில்லை.

“தீந்துச்சுன்னுதான் சொல்லுவாங்க,” என்றார். “உனக்கு வேற எதனா பாக்கணும்னா இப்பவே சொல்லி வை.”