பாதுவாவின் ஒற்றை நார்

எங்கள் கரையில் முப்பது வயதுக்குட்பட்ட ஒருவர்கூட பாதுவாவின் கையால் குளிக்காமல் வளர்ந்ததில்லை. படகோட்டி, பாதிரியார், பாராளுமன்றத்துக்குப் போனவர் என்று எல்லா முதுகும் அவள் தேய்த்த முதுகுதான். ஒருமுறை அவள் தேய்த்த தேய்ப்பில் ஒரு பையனின் மச்சம் கழன்று வாளியில் விழுந்தது. அதை எடுத்துக் கழுவி, மறுபடி அதே இடத்தில் ஒட்டி அனுப்பினாள். சரி, மச்சம் கழன்றது பொய். முப்பது வயதுக்குட்பட்ட எல்லோரும் என்பதும் கூட்டிச் சொன்னதுதான். எங்கள் தெரு, பக்கத்தில் இரண்டு தெரு என்று வைத்துக்கொண்டால் சரியாக இருக்கும். இனிச் சொல்லப்போவதில் ஒரு சொல்லும் கூட்டவில்லை.

அவளை அடக்கம் செய்த சனிக்கிழமை எல்லோர் கையிலும் கொடுத்தார்களே, வழவழத் தாளில் அச்சடித்த வாழ்க்கைக் குறிப்பு, அதை எழுதியதும் நான்தான். நான் எழுதிக் கொடுத்ததில் ஒன்றரைப் பக்கத்தை அவள் குடும்பத்தார் எடுத்துவிட்டார்கள். "செத்தவங்களப் பத்தி இதெல்லாம் எதுக்கு டீச்சரம்மா?" என்றான் அவளுடைய அண்ணன் மகன். அந்த ஒன்றரைப் பக்கம்தான் இது. எடுத்தெழுதும்போது கொஞ்சம் வளர்ந்துவிட்டது.

பாதுவா என்ற பெயரே பத்தாவதாகப் பிறந்ததால் வந்தது. பத்தாவது பிள்ளை பெற்றவளுக்குப் புருஷன் ஒரு செம்மறியாடு வாங்கித் தர வேண்டும். அவள் அப்பா வாங்கித் தந்தார். ஆடு மூன்றாம் நாள் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிப்போனது. "என்னைப் பார்த்து ஆடே ஓடிருச்சு" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். கல்யாணம் ஆகி ஒரே ஒரு பெண் குழந்தை. இரண்டரை வயதில் தட்டம்மையில் போய்விட்டது. ஊரில் அந்த வருஷம் பல பிள்ளைகள் போயின. தன் பிள்ளை அழுக்கினால்தான் போனது என்று பாதுவா முடிவு கட்டிக்கொண்டாள். யார் சொல்லியும் அதை அவள் மனதிலிருந்து எடுக்க முடியவில்லை. அதற்குப் பிறகுதான் அடுத்த வீட்டுப் பிள்ளைகளைக் குளிப்பாட்ட ஆரம்பித்தாள்.

மீன் சுடும் பெண்கள் விடிவதற்குள் படகுத்துறைக்குப் போயாக வேண்டும். போகிற வழியில் பிள்ளைகளைத் தெருக்குழாயடியில் பாதுவாவிடம் விட்டுவிட்டுப் போவார்கள். இந்தக் கதை நடந்த வருஷம் இருபத்திமூன்று பிள்ளைகள். வரிசையாக நிற்பார்கள், ஆளுக்கு ஒரு வாளி. கருஞ்சவுக்காரம் ஒரு கட்டி. உடம்பு தேய்க்கும் நார் ஒன்றே ஒன்று. காட்டுக்கொடியை உரலில் இடித்துப் பிரித்து அவளே செய்த நார். மீன்வலை மாதிரி விரித்தால் ஒரு பிள்ளையை அப்படியே சுற்றிவிடலாம். வீட்டுக்கு வீடு ஆளுக்கொரு நார் வைத்திருக்கிற ஊரில் அவள் மட்டும் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே நாரை வைத்திருந்தாள். கடையில் விற்கிற நைலான் நார் அழுக்கை எடுக்காது, தடவிக் கொடுக்கத்தான் லாயக்கு என்பாள்.

"முழங்காலைப் பாரு, மீன் சுடுற அடுப்பு மாதிரி. உள்ள எத்தனை மீன் வெச்சிருக்க?" என்று கேட்டுக்கொண்டே தேய்ப்பாள். பிள்ளைகள் சிரித்துக்கொண்டே அழும்.

ஃபீஃபிக்கு அப்போது நாலு வயது. எசாபாவின் மகன். அப்பா அபெக்கா அபிஜான் பக்கம் மீன்பிடிக்கப் போய் ஏழு மாதம் ஆகியிருந்தது. மழைக்காலம் தொடங்கும்போது பையனின் கன்னத்தில் இரண்டு பருக்கள் வந்தன. முத்துப் போல வழவழப்பு, நடுவில் ஊசி முனைக் குழி. வலி இல்லை. இரண்டு நாலாகி, நாலு பதினைந்தாகி, இமை ஓரம் வரை வந்துவிட்டது.

ஊரில் அப்போது "அந்த நோய்" என்று சொன்னால் போதும், பெயர் சொல்ல வேண்டாம். அந்த நோய் உள்ள தாயின் பிள்ளைக்கு முகத்தில் இப்படித்தான் முதலில் வரும் என்று யாரோ சொன்னார்கள். புருஷன் ஊரில் இல்லாதவளுக்கு அந்த நோய் எங்கிருந்து வந்தது என்று அடுத்தவர் கேட்டார். மூன்றாம் ஆளுக்குப் பதிலே தெரிந்திருந்தது.

எசாபா சுட்ட மீன் விற்கவில்லை. கூடை நிரம்பப் போய் நிரம்பத் திரும்பி வந்தது. மழலைப்பள்ளியில் பையனைக் கொஞ்ச நாள் அனுப்ப வேண்டாம் என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் அவள் ஃபீஃபியோடு வந்து உட்கார்ந்த பெஞ்சிலிருந்து பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து வேறு இடத்துக்குப் போனார்கள். முதல் பாட்டு முடிவதற்குள் அந்த நீளப் பெஞ்சில் அவர்கள் இரண்டு பேர் மட்டும் இருந்தார்கள்.

எசாபா சும்மா இருக்கவில்லை. பையனைத் தூக்கிக்கொண்டு கேப் கோஸ்ட் ஆஸ்பத்திரிக்குப் போய் இருவருக்கும் ரத்தப் பரிசோதனை செய்து காகிதம் வாங்கி வந்தாள். நோய் இல்லை என்று அதில் இருந்தது. அவளுடைய நாத்தனார் மன்ஸா காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"காகிதம் யாரு வேணாலும் வாங்கலாம்" என்றாள்.

"படிச்சுப் பாருங்க அண்ணி."

"படிக்கிறது எதுக்கு? பையன் மூஞ்சியிலதான் எழுதியிருக்கே. என் தம்பிக்கு ஆள் மூலமாச் சொல்லி அனுப்பிட்டேன். திருவிழாவுக்கு வருவான். வந்ததும் உங்க வீட்டுப் பெரியவங்களை வரச்சொல்லு, உறவை முறிச்சுக்கலாம்."

திருவிழாவுக்கு ஆறு வாரம் இருந்தது.

இத்தனையிலும் பாதுவா வாய் திறக்கவில்லை. அவளுக்கு ஒரு விஷயம் தெரியும், ஊருக்குத் தெரியாது. பிள்ளைகளைத் துணியில்லாமல் தினமும் பார்க்கிறவள் அவள் ஒருத்திதான். ஃபீஃபி தவிர இன்னும் எட்டுப் பிள்ளைகளுக்கு அதே பரு இருந்தது. அக்குளில், தொடையிடுக்கில், முதுகில், சட்டை மறைக்கிற இடத்தில். எட்டுத் தாய்மாரும் தனித்தனியாக அவள் காதில் சொல்லியிருந்தார்கள், வெளியே தெரிய வேண்டாம் அக்கா என்று. அவளும் தெரியவிடவில்லை. ஒன்று மட்டும் செய்தாள். அந்த ஒன்பது பேரையும் மற்றவர்களைவிட அழுத்தித் தேய்த்தாள்.

குழந்தைகளுக்கு எடை போடும் நாளில் தாதி அடோமா வந்தபோது, எல்லோரும் போகும்வரை காத்திருந்து பாதுவா அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அங்கே நடந்ததை அடோமா பின்னால் எனக்குச் சொன்னாள்.

"ஃபீஃபிக்கு வந்திருக்கே, அது என்னம்மா?"

"பாலுண்ணி அக்கா. தோல்ல ஒட்டுற ஒரு வைரஸ். சின்னப் பிள்ளைங்களுக்கு வரும், தானாப் போயிரும். சிலதுக்கு ஆறு மாசம், சிலதுக்கு ஒரு வருஷம், அதுக்கு மேலயும் ஆகும்."

"அந்த நோய் இல்லையா?"

"அந்த நோய் இருக்கிறவங்களுக்கு இது கூடுதலா வரலாம். அதுக்காக இது வந்த பிள்ளைக்கெல்லாம் அந்த நோய்னு ஆயிருமா? நல்லாக் கொழுகொழுன்னு இருக்கிற பிள்ளைக்கும் வரும். சும்மா விட்டாப் போதும். கிள்ளக் கூடாது, சொறியக் கூடாது, போட்டுத் தேய்க்கக் கூடாது. தேய்ச்சா அந்த இடத்துல இருந்து பக்கத்து இடத்துக்குப் போகும்."

"ஒருத்தர்கிட்ட இருந்து ஒருத்தருக்கு எப்படிப் போகும்?"

"தோலோட தோல் பட்டாப் போகும். ஒரே துண்டுல துடைச்சா, ஒரே நார்ல..." அடோமா நிறுத்தினாள். "நீங்க எத்தனை நார் வெச்சிருக்கீங்க அக்கா?"

பாதுவா எழுந்து போய்விட்டாளாம்.

அன்று மாலை என் வீட்டுக்கு வந்தாள். நாற்காலியில் உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. எட்டுப் பிள்ளைகளைப் பற்றிச் சொன்னாள், பெயர் சொல்லவில்லை. நாரைப் பற்றிச் சொன்னாள்.

நான் படித்தவள் அல்லவா, உடனே ஒரு வழி சொன்னேன். "அந்த எட்டுப் பேர் பேரையும் வெளிய சொல்லிரு. ஊர்ல பாதிக்கு வந்திருக்குன்னு தெரிஞ்சா எசாபாவை விட்டுருவாங்க."

"விட்டுட்டு எட்டுப் பேரைப் பிடிப்பாங்க" என்றாள். "என்கிட்ட நம்பிச் சொன்னவங்க டீச்சரம்மா."

"பின்ன என்ன செய்யப் போற?"

"நார் பேரைச் சொல்லப் போறேன்."

"சொன்னா நாளைக்கு ஒரு பிள்ளை உன்கிட்ட வராது."

"தெரியும்" என்றாள். "என் பிள்ளை செத்ததுல இருந்து இந்தக் கையால ஒரு பிள்ளைக்கும் நோய் வராதுன்னு நெனச்சுத்தான் தேய்ச்சேன்." அப்புறம் போய்விட்டாள். அவள் அழுது நான் பார்த்ததில்லை. அன்றும் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

செவ்வாய்க்கிழமை எங்கள் கடலில் வலை இறங்காது. ஆண்கள் கரையில் உட்கார்ந்து கிழிந்த வலைகளைத் தைப்பார்கள். பெண்களும் வந்துபோவார்கள். ஊர் முழுக்க ஓரிடத்தில் இருக்கிற நாள் அது. பாதுவா தன் வாளியோடும் நாரோடும் வலைக்கொட்டகைக்கு வந்தாள்.

"என்ன பாதுவா, இன்னைக்கு எங்களையும் குளிப்பாட்டப் போறியா?" என்றார் ஒரு கிழவர். சிரித்தார்கள்.

"உங்களுக்கு வாளி பத்தாது, கடல்லதான் முக்கணும்" என்றாள். சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தாள். "ஃபீஃபி மூஞ்சியில இருக்கிறது எசாபாகிட்ட இருந்து வரல. என்கிட்ட இருந்து வந்தது. இந்த நார்ல இருந்து."

யாரும் ஊசியை எடுக்கவில்லை.

"இது பாலுண்ணி. பிள்ளைங்களுக்கு ஒட்டும், தானாப் போகும். ஒரு பிள்ளையைத் தேய்ச்ச நாரால இன்னொரு பிள்ளையைத் தேய்ச்சேன். பரு தெரிஞ்ச பிறகு இன்னும் அழுத்தித் தேய்ச்சேன். சந்தேகம் இருக்கிறவங்க அடோமாகிட்டப் போய்க் கேளுங்க."

மன்ஸா கூட்டத்திலிருந்து முன்னால் வந்தாள். "எசாபா உனக்கு எத்தனை கூடை மீன் குடுத்தா, இப்படிப் பேச?"

"அவ மீனை நீங்கதான் வாங்க மாட்டேங்கிறீங்களே. எல்லாத்தையும் நானே தின்னிருந்தா இந்நேரம் வாசல்ல நுழைய மாட்டேன்."

"அப்ப மத்த பிள்ளைங்களுக்கு ஏன் வரல? எல்லாரையும் அதே நார்லதான தேய்ச்ச? வந்த பிள்ளை யாரு, சொல்லேன் பாப்போம்."

பாதுவா மன்ஸாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். மன்ஸாவின் கடைசி மகளுக்கு அக்குளில் ஏழு பரு இருந்தது. இப்போது சொல்லலாம், அந்த மகளே வளர்ந்த பிறகு எனக்குச் சொன்னதுதான். அன்று அதைத் தெரிந்தவர்கள் அந்தக் கொட்டகையில் இரண்டே பேர். முதலில் கண்ணைத் தாழ்த்தியவள் மன்ஸா.

"யாரு பிள்ளைக்கு வந்திருக்குன்னு நான் சொல்ல மாட்டேன்" என்றாள் பாதுவா. "நீங்களும் சொல்ல வேண்டாம். எந்தப் பிள்ளை உடம்புல இருந்தாலும் அது என் நார்தான்."

படகு விரிசலுக்குத் தார் காய்ச்சும் அடுப்பு பக்கத்தில் எரிந்துகொண்டிருந்தது. நாரை அதில் போட்டாள். ஈர நார் சீக்கிரம் பற்றவில்லை. புகைந்தது, சீறியது, மறுபடி புகைந்தது. அது எரிந்து முடியும்வரை அவள் அங்கேயே நின்றாள். அவள் நின்றதால் எல்லோரும் நிற்க வேண்டியதாயிற்று.

அடுத்த ஞாயிறு ஒரு பெண் தன் மகளுக்குக் கையில்லாத சட்டை போட்டுக் கூட்டி வந்து எசாபாவின் பெஞ்சில் உட்கார்ந்தாள். குழந்தையின் தோளில் பரு தெரிந்தது. அதற்கடுத்த வாரம் மூன்று பேர். எசாபாவின் கூடை கொஞ்சம் கொஞ்சமாகக் காலியானது. திருவிழாவுக்கு வந்த அபெக்கா மகனைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு ஒரே தட்டில் கென்கிச் சோள உருண்டையும் மீனும் தின்றான். மன்ஸா அப்போது அடுப்படியில் இருந்தாள். பெரியவர்களை யாரும் வரச்சொல்லவில்லை. ஃபீஃபியின் பரு அடுத்த திருவிழாவுக்குள் ஒவ்வொன்றாகச் சிவந்து காய்ந்து போனது. கன்னத்தில் ஒரே ஒரு சின்னக் குழி மட்டும் இன்னும் இருக்கிறது.

பாதுவாவிடம் ஒருவரும் வரவில்லை. எசாபாவின் பெஞ்சு நிறைந்துகொண்டிருந்தபோது குழாயடி காலியாகிக்கொண்டிருந்தது. அவள் மட்டும் முக்காலி போட்டு விடியற்காலையில் வந்து உட்கார்ந்திருப்பாள், பழக்கத்தில். ஒரு மாதத்துக்குப் பிறகு எசாபா ஃபீஃபியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். பையன் கையில் ஒரு பை.

"குளிப்பாட்டுங்க அக்கா."

"என்கிட்ட நார் இல்ல."

"பையில இருக்கு. அவனுக்குன்னு வாங்கினது. துண்டும் அவனோடதுதான்."

பாதுவா நாரை எடுக்கவில்லை. சவுக்காரத்தை உள்ளங்கையில் குழைத்து, பருவின் மேல் படாமல், மெதுவாகத் தடவினாள். "இவ்வளவுதானா? தேய்க்கலையா?" என்று ஃபீஃபி கேட்டான். "போதும்டா. மீன் வெந்துருச்சு" என்றாளாம்.

பிறகு குழாய்ச் சுவரில் ஆணி அடித்தாள். ஆணிக்கு ஒரு பிள்ளை, ஆணிக்கு ஒரு நார். ஒருவர் நாரை இன்னொருவர் தொட்டால் அன்று குளியல் கிடையாது, கத்தல்தான். இருபத்திமூன்று மறுபடி வரவில்லை. அவள் படுக்கையில் விழுந்த அன்று சுவரில் பதினொரு நார் தொங்கியது.

இதை எழுதி முடித்து எசாபாவின் வீட்டுக்குப் போய்ப் படித்துக் காட்டினேன். அடுப்பில் மீனைப் புரட்டிக்கொண்டே முழுவதும் கேட்டாள். முடிந்ததும் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"எல்லாம் சரிதான் டீச்சரம்மா. மச்சம் கழன்றதுகூட இருந்துட்டுப் போகட்டும். அந்தப் பெஞ்சு மட்டும் சரியில்ல."

"ஏன், திரும்பி வந்து உட்கார்ந்தவங்க இன்னும் அதிகமா?"

"அது இல்ல. ஒவ்வொருத்தரா எழுந்து போனாங்கன்னு எழுதியிருக்கீங்க. முதல்ல எழுந்தது நீங்க. உங்களைப் பார்த்துத்தான் மத்தவங்க எழுந்தாங்க."