மெப்பை மூடி விளையாடின மத்தியானங்கள்

கொம்பியூட்டர் கிளாஸுக்குள்ள செருப்போட போக ஏலாது. ஏசியில குளிர்ந்து கிடக்கிற டைல்ஸில வெறுங்கால் படேக்க ஒரு சிலிர்ப்பு வரும் பாருங்கோ... கொழும்பு வெள்ளவத்தை எண்டால் எனக்கு இப்பவும் முதல் அதுதான்.

சண்டைக் காலம். யாழ்ப்பாணத்திலயிருந்து தனியத்தான் வந்தனான். பத்தொன்பது வயசு. கனடாவில இருந்த அண்ணா என்ட விசா அலுவல் பார்த்துக்கொண்டிருந்தார். லேடீஸ் ஹொஸ்டலில ஒரு கட்டில். கடிதம் இந்த மாசம் வருமோ, அடுத்த வருசம் வருமோ... ஒருத்தருக்கும் தெரியாது.

கிளாஸில ஜெனிற்றா எண்டு ஒருத்தி. கொழும்பிலயே பிறந்து வளந்த கொட்டாஞ்சேனைப் பிள்ளை, அப்பா ஹார்பரில கிளார்க். மத்தியானம் மற்றவை சாப்பிடப் போக, நாங்கள் ரெண்டு பேரும் பக்கத்துப் பக்கத்து மெஷினில இருந்து ஒரு ஸ்ட்ரட்டெஜி கேம் விளையாடுவம். ஊர் கட்டி, படை சேர்த்து, மற்றவளின்ட ஊரைப் பிடிக்கிறது.

தொடங்கமுதல் செட்டிங்ஸ் வரும். அவள் மெப்பை, அந்த நிலப்படத்தை, முழுக்க மறைச்சுப்போடுவாள். தீவோ காடோ, ஆர் எங்க தொடங்கிறது... ஒண்டும் தெரியாது. முழு மெப்பும் கறுப்பு.

"திறந்து விடடி."

"தெரிஞ்சா அதுல என்ன இருக்கு? தேடிப் போறதுதானே கேம்!"

"எனக்கு வாழ்க்கையில தெரியாமல் கிடக்கிறதே காணும். இதிலயாவது தெரியட்டும்."

சிரிச்சாள். அவளுக்கு விளங்கேல்லை.

ஒருநாள் கிளாஸுக்கு வாற வழியில பொலிஸ் செக்கிங். ஐசி, அடையாள அட்டை, இருந்தது. வெளியூர்த் தமிழ் ஆக்கள் கொழும்பில தங்கிறதுக்கு எடுக்கிற பொலிஸ் பதிவுத் துண்டு ஹொஸ்டலில. ஏத்திக்கொண்டு போட்டினம். ஸ்டேஷனில ஒரு மர வாங்கில குந்தியிருந்தன்... சிங்களம் வராது. ஆருக்குச் சொல்லுறது எண்டும் தெரியேல்லை.

ரெண்டு மணிபோல வாசலில ஜெனிற்றா! என்னை ஏத்தினதைக் கிளாஸ் பிள்ளை ஒண்டு பார்த்துச் சொல்லியிருக்கு. ஹொஸ்டலுக்கு ஓடிப்போய், அதை நடத்திற அன்ரியிட்டக் கேட்டு, துண்டை எடுத்துக்கொண்டு வந்திருந்தாள். பொலிஸ்காரரோட சிங்களத்தில கதைச்சாள், கதைச்சாள்... எனக்கு "நங்கி" எண்ட சொல்லு மட்டும் விளங்கிச்சு. தன்ர தங்கச்சி எண்டு சொல்லியிருக்கிறாள்.

விட்டுட்டினம்.

அடுத்தநாள் அவள் மெப்பை முழுக்கத் திறந்து விட்டாள். ஆறு, தங்கம் கிடக்கிற இடம், அவளின்ட ஊர்... எல்லாம் தெரிஞ்சுது. நேரா போனன். பத்து நிமிசத்தில பிடிச்சிட்டன். வெண்ட மாதிரியே இல்லை.

"மூடு," எண்டன்.

"ஷுவரா?"

"ஓம். நீ பக்கத்தில இருக்கிறாய்தானே."

பிறகு கடிதம் வந்தது. அஞ்சு நாளில கனடாவுக்கு வெளிக்கிட்டன். அவள் தந்தது தன்ர வீட்டுக்குப் பக்கத்துக் கடை நம்பர். இங்க வந்து ரெண்டு தரம் கோல் எடுத்தன். வீடு மாறிட்டினம் எண்டினம்.

இப்ப பஸ் எத்தினை நிமிசத்தில வரும், நாளைக்கு மழையோ எண்டு போனே சொல்லுது. பிள்ளையள் வளந்து தங்கட பாட்டில இருக்கினம். கேம் இப்பவும் விளையாடுறன், ஒன்லைனில. மெப்பை மறைச்சுத்தான். ஜெனிற்றா சொன்னது சரி, அப்பிடித்தான் விளையாடோணும். ஆனா அங்கால இருந்து என்னோட விளையாடுறது ஆர், எந்த நாடு... தெரியாது. முடிஞ்சதும் போயிடுவினம்.

போன மாசம் தெரிஞ்ச ஒருத்தர் மூலமா அவளின்ட நம்பர் கிடைச்சது. இத்தாலியில இருக்கிறாளாம். எடுத்தன். என்ட பேரை ரெண்டு தரம் சொன்ன பிறகுதான் நான் ஆரெண்டு அவளுக்குப் பிடிபட்டது. வேலைக்குப் போற அவசரம் அவளுக்கு.

"பிறகு எடுக்கிறன்டி."

இன்னும் எடுக்கேல்லை.

எத்தினை வருசத்துக்குப் பிறகு என்னை ஒருத்தி "டி" போட்டுக் கதைச்சது... அண்டைக்கு முழுக்க அதோடயே திரிஞ்சன்.