மேடு ஏறிடுச்சா பாப்பா?

கிரைண்டர் கல் சுற்றும் கடகட சத்தம், ஊறின உளுந்தின் வாசனை... முகப்பேரில் நான் வாடகைக்கு இருந்த மாடி வீட்டில் சனிக்கிழமை வந்துவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம்.

அந்தச் சத்தம் கேட்டாலே எழுந்து ஹாலுக்கு ஓடுவேன்.

அப்போது நான் வேதியியலில் பிஎச்.டி. செய்துகொண்டிருந்தேன். இரண்டு மூலக்கூறுகள் சேர்ந்து புதிதாக ஒன்று உருவாக வேண்டுமென்றால், நடுவில் ஒரு மேட்டை ஏறி இறங்க வேண்டும். அந்த மேட்டின் உச்சி எவ்வளவு உயரம் என்று குவாண்டம் கெமிஸ்ட்ரியில் கணக்குப் போட்டுச் சொல்வது என் வேலை. காலேஜ் சர்வரில் கணக்குக்காகக் காத்திருக்கும் வரிசை நகரவே நகராது. அதனால் பாகம் பாகமாக வாங்கிச் சேர்த்த கம்ப்யூட்டர் ஒன்றை ஹாலில் ஓடவிட்டிருந்தேன்.

கீழ் வீட்டு ஸ்டெல்லா அக்கா கிரைண்டர் போட்டால் பழைய வயரிங் தாங்காது... பட்டென்று ஃபியூஸ் போய்விடும். யுபிஎஸ் கொஞ்ச நேரம் கீச் கீச்சென்று கத்திவிட்டு உயிரை விடும். நாள்கணக்கில் ஓடின கணக்கு அம்போ!

ஒரு தடவை அழுதேவிட்டேன். அக்கா பதறிப்போய் மாடிக்கு வந்தார். மேட்டுக் கதையைச் சொன்னேன்.

"அய்யய்யோ, முன்னாடியே சொல்லக் கூடாதா பாப்பா? நான் பாட்டுக்கு ஆட்டிகினு கீறேன்!"

அன்றிலிருந்து கிரைண்டர் போடும் முன் படிக்கட்டிலிருந்து குரல் வரும்.

"பாப்பா... மேடு ஏறிடுச்சா? மாவு ஆட்டலாமா?"

கடைசி மேடுதான் ரொம்பப் படுத்தியது. எங்கள் வேதிவினை இந்த வழியாகத்தான் நடக்கிறது என்று தீசிஸில் ஒரு அத்தியாயமே எழுதியிருந்தேன். மேடு நினைத்ததைவிட உயரமாக வந்தால் அத்தியாயமே காலி. கைடு திங்கட்கிழமை பதில் கேட்டிருந்தார்.

அந்தச் சனிக்கிழமை கிரைண்டர் சத்தமே இல்லை.

மறுநாள் மதியம் ரிசல்ட் வந்தது. ஒரே ஒரு நெகட்டிவ் அதிர்வெண்... உண்மையான உச்சிக்கு அதுதான் அடையாளம். உயரமும் நினைத்த அளவுதான்! தடதடவென்று கீழே ஓடினேன். வீடு பூட்டியிருந்தது.

கேட் பக்கம் அக்கா ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார். இரண்டு கையிலும் மாவுத் தூக்கு. பருத்திப்பட்டில் தங்கச்சி வீட்டுக்குப் போய் ஆட்டிக்கொண்டு வந்திருக்கிறார்!

"இன்னா பாப்பா, ஏறிடுச்சா?"

"ஏறிடுச்சுக்கா!"

"மாதாவே! வா, உக்காரு... இட்லி ஊத்தறேன்."

இப்போது காட்டுப்பாக்கத்தில் ஃபிளாட், வீட்டிலிருந்தே வேலை. பழைய கணக்குகளைப் படித்துப் பழகின ஏஐ மாடல், டீ ஆறுவதற்குள் மேட்டின் உயரத்தைச் சொல்லிவிடுகிறது. சந்தேகம் வந்தால்தான் பழைய முறை. அதுவும் எங்கேயோ இருக்கும் சர்வரில். நல்ல விஷயம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் போன வாரம் ஒரு கஷ்டமான மேடு சரியாக வந்தபோது, ஓடிப்போய்ச் சொல்ல ஆள் இல்லை...

அக்காவுக்கே போன் போட்டேன்.

"டீ ஆறதுக்குள்ளயா! அப்போ உனுக்காக யாரும் மாவு ஆட்டாம காத்துகினு இருக்க வேணாம்னு சொல்லு."

"வேணாம்க்கா" என்றேன்.